பாட்டு வரும் வரை பொறுங்கள்

"படம் பார்க்கத்தானப்பா போறோம்? இருட்டுல என்னைய யாரு பார்க்கப் போறா?"

யசோதா கேட்டது நியாயமான கேள்வி. அழகர் மாம்பழ நிறப் பட்டுச் சேலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மகளின் முன்னால் நின்றார்.

"அலுமாரியில கெடந்து மக்கிப் போகுதேம்மா. கொஞ்சம் காத்துப் படட்டும்னுதான்."

"வெளியில அடைமழை. நல்லாத்தான் காத்துப் படும்."

அவள் பழைய நூல் சேலையையே கட்டிக்கொண்டு குடையைத் தேடப் போய்விட்டாள். அழகர் சமையலறைப் பக்கம் திரும்பினார். அவர் மனைவி வடிவம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

விஷயம் இதுதான். அன்று பிற்பகல் யசோதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அது யசோதாவுக்கு மட்டும் தெரியாது.

இதற்கு முன் மூன்று முறை அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் வீட்டார் பெண் உயரம் என்றார்கள். மூன்றாம் வீட்டு அம்மாள் யசோதாவை வாசலுக்கும் ஜன்னலுக்குமாக இரண்டு தரம் நடக்கவிட்டுப் பார்த்தாள். கடைசியில் வடை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு யசோதா அழவில்லை. பலகாரத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனிமே இதத் தூக்கிக்கிட்டு யாரு முன்னாலயும் வரமாட்டேம்ப்பா" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் அழகருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அழகர் கண்டி மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதி எழுதுவினைஞர். கட்டணம் கட்டாதவர் மனம் நோகாமல் தண்ணீரை வெட்டுவது எப்படி என்று பதினெட்டு வருடமாக யோசித்து, இன்னும் ஒரு வீட்டுத் தண்ணீரையும் வெட்டாதவர். அப்படிப்பட்டவரால் சொந்த மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளையார் கோவிலில் நின்று அவர் நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. "நாலாவது தரமும் அவ மனசு உடையக் கூடாது, அப்பனே" என்றுதான் கேட்டார்.

அதற்கு வழி சொன்னவர் தரகர் பொன்னுத்துரை.

"படமாளிகையில பார்த்துக்குவோம். மாப்பிள்ளைக்கு நாவலப்பிட்டி ரயில்வேயில வேலை. அப்பா, அம்மா, மாப்பிள்ளை, தங்கச்சி, நாலே பேரு. மத்தியானக் காட்சிக்கு நானே ரயில்ல கூட்டிக்கிட்டு வர்றேன். நீங்க பல்கனிக்கு டிக்கட் எடுங்க. புடிச்சா மேல பேசுவோம். புடிக்கலைன்னா, பொண்ணு படம் பார்த்துச்சு, வீட்டுக்குப் போச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"இருட்டுல எப்படிங்க பார்ப்பாங்க?"

"அங்கதான் பாட்டு இருக்கு!"

அந்தப் படத்தில் வரும் பாட்டை அப்போது அறியாதவர் இல்லை. காலையும் மாலையும் வானொலியில் அதுதான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கிறவர்கள்கூட அதன் தாளத்துக்கே மிதித்தார்கள். ஓர் ஆண் குரல், எந்த அவசரமும் இல்லாமல், சூரியனைக் கூப்பிடும். என்னவள் வந்து சேரும் வரைக்கும் மலைக்குப் பின்னால் போய்விடாதே என்று கெஞ்சும்.

"பாட்டு முழுக்கச் சூரியன்தான்" என்றார் பொன்னுத்துரை. "திரையில வெயில் பளீர்னு அடிக்கும். அந்த வெளிச்சம் பொண்ணு மொகத்துல விழும். எல்லாரும் பாட்டுல சொக்கிப் போயிருக்கையில அவங்க நிம்மதியாப் பார்த்துக்குவாங்க. அந்த நேரம் பார்த்து நீங்க பொண்ணு கையில ஒரு கச்சான் சரையக் குடுங்க. அதுதான் அடையாளம். ஆனா ஒண்ணு. அங்க வச்சு சம்பந்தம் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தெரிஞ்சவங்க மாதிரியே காட்டிக்கக் கூடாது. பாட்டு வரும் வரைக்கும் பொறுக்கணும்."

பொன்னுத்துரை பாட்டைக் கேட்டிருந்தாரே தவிர, படத்தைப் பார்த்திருக்கவில்லை. இதை அழகர் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

படமாளிகைக்குள் நுழையும்போது அழகரின் இரண்டு சட்டைப் பைகளும் வறுத்த நிலக்கடலை சுற்றிய கச்சான் சரைகளால் புடைத்திருந்தன. மகன் சேதுராமன் குடைகளைச் சுருக்கி வைத்தான். தபால் கந்தோரில் வேலை செய்யும் இருபத்தேழு வயதுப் பிள்ளை. தங்கை கல்யாணம் முடியும் வரை தன் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தான்.

மழைக்குப் பல்கனி காலி. ஒரே ஒரு குடும்பம் மட்டும் கதிரைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. சரிகைக் கரை போட்ட சால்வையோடு ஒரு பெரியவர், அவர் மனைவி, ஒரு வாலிபன், ஒரு பெண். அழகர் எண்ணினார். நாலு பேர்.

"வந்துட்டாங்க" என்று வடிவம்மாவின் காதில் சொன்னார்.

"தரகரக் காணோமே?"

"கண்ணுல படக் கூடாதுன்னு கீழ இருப்பாரு."

அழகர் கும்பிடக் கையைத் தூக்குவதற்குள் சால்வைக்காரர் கும்பிட்டுவிட்டார். அதுவும் இடுப்பை வளைத்து. மாப்பிள்ளை வீட்டார் கும்பிட்டு அழகர் பார்த்ததே இல்லை. மற்ற மூன்று வீட்டார் தலையை ஆட்டியதோடு சரி. அவரும் அவசரமாக இன்னும் தாழ வளைந்து கும்பிட்டார்.

பெண்ணைப் பின்னாலிருந்து பார்ப்பதுதான் வசதி. ஆகவே அவர்களைப் பின் வரிசையில் இருத்த வேண்டும்.

"நீங்க பின்னால வசதியா இருங்க ஐயா" என்றார் அழகர்.

"ஐயோ, வேணாங்க. நீங்க பின்னால இருங்க. நாங்க முன்னால இருந்துக்கிறோம்."

"அது மரியாதை இல்லைங்க. நாங்கதான் முன்னால."

"நாங்க முன்னால இருந்தாத்தாங்க எங்களுக்கு மனசு நிறையும்."

இரண்டு குடும்பமும் முன்வரிசைக்கு நகர்ந்தது. மறுபடி இரண்டும் பின்வாங்கியது. டோர்ச்சோடு வந்த முஹைதீன் நானா கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடமாக அந்தப் படமாளிகையில் ஆட்களை இருத்துகிறவர் அவர்.

"கதிரைக்கு அடிபட்ட ஆக்கள நான் கண்டு ஈக்கேன்" என்றார். "வாணாம் வாணாம்டு அடிபட்டத இண்டைக்குத்தான் காணுறேன். ரெண்டு பேரும் ஒரே வரிசையில இரிங்க. நடுவால வழி. முடிஞ்சிச்சு!"

அப்படியே அமர்ந்தார்கள். வழியின் இந்தப் பக்க ஓரக் கதிரையில் யசோதா. அந்தப் பக்க ஓரக் கதிரையில் அந்தப் பெண். அவள் கட்டியிருந்தது சிவப்புப் பட்டு. தலையில் இரண்டு முழம் மல்லிகை.

"மாப்பிள்ளையோட தங்கச்சியே இப்படின்னா..." என்று அழகர் மகளின் நூல் சேலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

படம் தொடங்கியது. முதல் பாட்டே பளீரென்ற வெயிலில் வந்தது. கதாநாயகி பத்துத் தோழிகளோடு தேயிலைத் தோட்டத்தில் ஆடினாள். இது அந்தப் பாட்டு இல்லை என்று அழகரின் காதுக்குத் தெரிந்தது. ஆனால் இவ்வளவு வெளிச்சத்தை வீணாக்க மனம் வரவில்லை. அவசரமாக ஒரு சரையை மகளிடம் நீட்டினார்.

அதே நேரம், வழிக்கு அப்பால், சால்வைக்காரரும் தம் மகளிடம் ஒரு கச்சான் சரையை நீட்டினார்.

அழகர் நெகிழ்ந்து போனார். "பார்த்தியா வடிவு? அடையாளம் புரிஞ்சிச்சுன்னு நமக்கு அடையாளம் காட்டுறாரு. என்ன மனுஷன்!"

"ஆனா அவங்க நம்ம புள்ளையப் பார்க்கலையேங்க. எல்லாரும் சேதுராமனத்தான் பார்க்கிறாங்க."

உண்மைதான். சால்வைக்காரரும் அவர் மனைவியும் எட்டி எட்டிச் சேதுராமனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கூச்சத்தில் நெளிந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மச்சினன் எப்படிப்பட்டவன்னு பார்க்கிறாங்க. நல்ல குடும்பத்துக்காரங்க அப்படித்தான் பார்ப்பாங்க" என்றார் அழகர்.

இரண்டாம் பாட்டுக்கு இன்னொரு சரை. மூன்றாவதுக்கு இன்னொன்று. வழிக்கு அந்தப் பக்கமும் அப்படியே.

"அப்பா" என்றாள் யசோதா, "எனக்கு வயித்து வலி வந்தா ஆஸ்பத்திரி பேராதனையில இருக்கு. மழையில நீங்கதான் தூக்கிட்டுப் போகணும்."

இடைவேளை வந்தது, அந்தப் பாட்டு வரவில்லை. இந்த வெளிச்சத்திலாவது மகளைப் பார்த்துவிடுவார்கள் என்று அழகர் நினைத்தார். யசோதாவோ முன் கதிரையின் முதுகில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டாரை எப்படியாவது சந்தோஷமாக வைத்திருக்க வேண்டுமே என்று அழகர் கீழே ஓடி, நாலு சோடாப் போத்தல்களோடு படியேறினார். மேலேயிருந்து நாலு போத்தல்களோடு சால்வைக்காரர் எதிரே வந்தார். அவர் மற்றப் படிக்கட்டால் போய் வாங்கி, இவர்களிடம் கொடுக்க வந்து, இவரைக் காணாமல் தேடி இறங்கியிருக்கிறார்.

"உங்களுக்குத்தாங்க" என்றார் அழகர்.

"இது உங்களுக்குங்க" என்றார் அவர்.

நாலு போத்தலைப் பிடித்த கையால் இன்னும் நாலு போத்தலை வாங்க முடியாது. இரண்டு பேரும் படியில் அமர்ந்து போத்தல்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டார்கள். மாற்றி முடித்ததும் எழுந்து மறுபடி கும்பிட்டார்கள்; அதில் ஒரு போத்தல் உருண்டு கீழே போனது.

கடைசியில், படம் முடிய அரை மணி நேரம் இருக்கையில், அந்தப் பாட்டு வந்தது. முதல் சுரம் எழுந்ததுமே கீழே கலரியில் இருந்த கூட்டம் பெருமூச்சு விட்டது. அழகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரையைக் கையில் எடுத்தார். சூரியனுக்காகத் திரையைப் பார்த்தார்.

திரையில் இருட்டு.

சூரியன் பாட்டில்தான் இருந்தது. படத்தில் இருந்தது சிறைச்சாலை. செய்யாத குற்றத்துக்காக அடைபட்ட கதாநாயகன், ஜன்னல் இல்லாத அறையில் சுவரில் சாய்ந்து, காணாத சூரியனை அந்தக் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தின் ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. பல்கனியில் அதுவும் இல்லை.

அழகர் பதறிப்போய்ச் சரையை நீட்டினார்.

"என்னங்க, இது என் மடி" என்றது வடிவம்மாவின் குரல்.

அழகர் எழுந்தார். கதவோரம் தடவித் தடவிப் போய் முஹைதீன் நானாவின் கையைப் பிடித்தார். விஷயத்தை நாலு வார்த்தையில் சொன்னார். நானா டோர்ச்சைத் தட்டிச் சரிபார்த்தார்.

"என்ட ஊட்டிலயும் கலியாணத்துக்கு மூணு கொமர் ஈக்கி மாத்தயா. நீங்க போய் இரிங்க. நான் பாத்துக்கொள்றேன்."

நானா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அழகர் கதிரைக்குத் திரும்பியதும் டோர்ச் வெளிச்சம் யசோதாவின் முகத்தில் முழுசாக விழுந்தது. பாட்டின் உருக்கத்தில் அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். மூக்கு சிவந்திருந்தது. வாய் நிறையக் கச்சான்.

"அப்பா! இந்த ஆளு என்னத்துக்கு என் மூஞ்சில டோர்ச் அடிக்கிறாரு?"

"டிக்கட்... டிக்கட் பார்க்கிறாரும்மா."

"மூஞ்சியிலயா டிக்கட் ஒட்டியிருக்கு?"

அழகருக்கு உலகமே முடிந்தது போலிருந்தது. கண்ணும் மூக்கும் வழியப் பார்த்துவிட்டார்கள். போதாததற்கு மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இனி அவள் எழுந்து போய்விடுவாள். இன்னொரு தரம் அந்த மனசை உடைத்தது வேறு யாருமல்ல, பெற்ற அப்பன்தான்.

அப்போது சால்வைக்காரர் எழுந்து நானாவிடம் போய் ஏதோ குசுகுசுத்தார். முறைப்பாடு செய்கிறார் போலிருக்கிறது! மறு கணம் டோர்ச் வெளிச்சம் சிவப்புப் பட்டுப் பெண்ணின் முகத்தில் விழுந்தது. அவளும் அழுதுகொண்டிருந்தாள், அவள் வாயிலும் கச்சான். திடுக்கிட்டதில் புரையேறி இருமத் தொடங்கினாள்.

நானா தலையைச் சொறிந்துகொண்டு அழகரிடம் வந்தார். "மாத்தயா, ஒரு விஷயம்..."

"ஒண்ணும் பேசக் கூடாது நானா!" அழகர் அவர் வாயைப் பொத்தாத குறைதான். "நீங்க செஞ்சது போதும்!"

யசோதா எழுந்துவிட்டாள். அழகர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் திறந்து பார்த்தபோது அவள் வெளியே போயிருக்கவில்லை. வழியைக் கடந்து, இருமிக்கொண்டிருந்த பெண்ணின் முதுகைத் தட்டிக் கொடுத்து, தன் சோடாவை அவளுக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க. எனக்கும் அடிச்சாரு. இங்க டிக்கட்ட மூஞ்சியிலதான் தேடுவாங்களாம்."

அந்தப் பெண்ணுக்கு அடுத்திருந்த வாலிபன் எட்டிப் பார்த்தான். "கதாநாயகன் பாவம், அவ்வளவு நேரமாச் சூரியனக் கூப்பிட்டாரு. கடைசியில டோர்ச்தான் வந்துச்சு."

யசோதா சிரித்தாள். கண்ணீர் காயாத முகத்தோடு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பலகாரத் தட்டைக் கவிழ்த்து வைத்த நாளுக்குப் பிறகு அழகர் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கவில்லை. கதாநாயகன் சிறையிலிருந்து வெளியே வந்து, காதலர்கள் ஒன்று சேர்ந்து, தேசிய கீதம் வரும் வரைக்கும் அவள் தன் கதிரைக்குத் திரும்பவே இல்லை. சிவப்புப் பட்டுப் பெண்ணின் பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.

"நாத்தனாரோட இப்பவே ஒட்டிக்கிட்டா" என்றாள் வடிவம்மா. அவள் குரலிலும் ஈரம் இருந்தது.

வாசலில் மழை ஓயவில்லை. முஹைதீன் நானா கதவைத் திறந்து விட்டுக்கொண்டே சொன்னார்: "நாவலப்பிட்டி ரயில் இண்டைக்கு வரவே இல்லயாம். கம்பளைக்கு அங்கால மண் சரிஞ்சி ஈக்காம்."

"நல்ல வேளை!" என்றார் அழகர் மனைவியிடம். "இவங்க நேத்தே வந்து சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருக்காங்க போல. பாவம், பொன்னுத்துரைதான் எங்கேயோ மாட்டிக்கிட்டாரு."

"மாத்தயா, நான் சொல்ல வந்த விஷயம்..." என்றார் நானா.

"நாளைக்கு நானே வந்து கேக்கிறேன் நானா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கூரையின் கீழே இரண்டு குடும்பமும் நின்றது. சால்வைக்காரர் வீட்டுக் குடை ஒன்று காற்றில் மடங்கிப்போயிருந்தது. யாரும் சொல்லாமலே சேதுராமன் தன் குடையை விரித்துச் சிவப்புப் பட்டுப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் கொடுத்துவிட்டு, தான் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். சால்வைக்காரர் தம் மனைவியைப் பார்த்தார். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி, தூணோரத்தில், யசோதாவும் அந்த வாலிபனும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலே இல்லாத சிறையில் இருப்பவனுக்கு வெளியில் பகலா இரவா என்று எப்படித் தெரியும் என்பது அவள் வாதம். அதனால்தான் அவன் பாட்டை அவ்வளவு மெதுவாகப் பாடினான் என்பது வாலிபனின் வாதம். அவன் அவளைப் பார்த்த பார்வையில் உயரம் அளக்கும் கணக்கு எதுவும் இல்லை.

அழகர் கோவில் இருந்த திசையைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டார். உடையவில்லை அப்பனே, உடையவில்லை. அவங்க வேண்டாம் என்று சொன்னாலும் சரி, இன்றைக்குச் சிரித்த சிரிப்பு அவளுக்கு இருக்கட்டும். இப்படிப்பட்ட பணிவான மாப்பிள்ளை வீட்டாரை இந்தப் பூமியில் வேறு எங்கே தேடுவது?

கட்டுகஸ்தோட்டை பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. அழகர் வீட்டார் ஏறப் போகும் நேரத்தில், அந்தப் பிற்பகல் முழுவதும் வாயே திறக்காதிருந்த சால்வைக்காரரின் மனைவி, மழையையும் பார்க்காமல் ஓடி வந்து வடிவம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பேசக் கூடாதுன்னுதான் தரகர் பொன்னுத்துரை சொன்னாரு. பொண்ணப் பெத்தவ, மனசு கேக்கலக்கா. பாட்டு நேரம் பார்த்து இருட்டாப் போச்சு. அந்த டோர்ச் வெளிச்சத்துலயாவது எங்க மகள நல்லாப் பார்த்தீங்களா? உங்க மகனுக்குப் புடிச்சிருக்கா?"